இடது பின்கதவின் பீடிங்

மூன்றாவது முறையும் அது பிரிந்துகொண்டு நின்றது. கார்க் கதவின் நடுவில் நீளவாக்கில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பட்டையைச் சொல்கிறேன். பக்கத்து வண்டி உரசினால் பெயிண்டுக்கு முன்னால் அது அடி வாங்கட்டும் என்று வைத்திருப்பது. பட்டறைக்காரர்கள் பீடிங் என்பார்கள். என் காரின் நான்கு கதவுகளில் மூன்றில் அது சரியாக இருந்தது. இடது பின்கதவில் மட்டும் பின்முனை இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்திருந்தது.

பதினைந்து வருடம் ஓடிய கார். எனக்கு முன் மூன்று பேரிடம் இருந்தது. இதை வாங்குவதற்கு முன்னால் நான் எதையும் சொந்தமாக வைத்திருந்ததில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். பிறகு நெல்லூரில் ஓட்டல், தூத்துக்குடியில் உப்பளம், மறுபடி லாரி. எண்ணூர்ப் பக்கம் வந்து இறங்கியபோது முப்பத்தெட்டு வயது. எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல இருந்தவனில்லை. காத்திவாக்கத்தில் ஒரு மாடி அறையில் மூன்றாவது மழைக்காலத்தையும் பார்த்துவிட்டேன் என்றால், இந்தக் காரும் அதற்குக் கிடைத்திருந்த ஓட்டமும்தான் காரணம்.

கண்டெய்னர் யார்டு ஒன்றின் ஆபீசில் வேலை செய்யும் பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வருவது என் ஓட்டம். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மாவின் மகளும் அங்கேதான் வேலை பார்த்தாள். அந்த அம்மா முகத்துவாரத்தில் இறால் வாங்கி விற்பவர். ஐம்பது வயதிருக்கும். கணவர் படகுக்காரர், இறந்து ஆறு வருடம். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் மகள் தினமும் ஏறி இறங்குவது அந்த இடது பின்கதவு வழியாகத்தான்.

அந்த ஆபீசுக்கு இரண்டு கார்கள் ஓடின. இன்னொன்று எர்ணாவூர்க்காரன் ஒருவனுடையது. என்னைவிடப் பத்து வயது சின்னவன், வண்டியும் என்னுடையதைவிட வயதில் சின்னது. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு சில பெண்கள் அதில் போய் வரத் தொடங்கியிருந்தார்கள். இனி ஒரு கார் போதும் என்று ஆபீசில் முடிவாயிற்று. திங்கட்கிழமை இரண்டு வண்டியையும் கொண்டுவாருங்கள், பார்த்து ஒன்றை வைத்துக்கொள்கிறோம் என்று வண்டிகளைக் கவனிக்கும் அதிகாரி சொன்னார். என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார்.

"உன் வண்டியில அந்தப் பட்டை தொங்குது. போன வாரம் ஒரு பொண்ணோட துப்பட்டா அதுல மாட்டிக் கிழிஞ்சிருக்கு. திங்கக்கிழமையும் அப்படியே இருந்தா நீ வரவே வேணாம்."

ஆக, பட்டை கதவில் நின்றால்தான் எனக்கு ஓட்டம். ஓட்டம் போனால் அறையும் போகும், ஊரும் போகும்.

முதல் தடவை பிரிந்தபோதே கல்மண்டபத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் போயிருந்தேன். பழைய பசையைச் சுரண்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து, உள்ளங்கையால் முனையிலிருந்து முனைவரை அழுத்தி ஒட்டினார். மேலே குறுக்காகக் காகித டேப்பில் நான்கு கட்டு போட்டார். "ஒரு நாளிக்கு தண்ணி காட்டாத. அப்பால இத்தப் புடிச்சி நீயே தொங்கலாம்" என்றார்.

ஐந்தாம் நாள் முனை கிளம்பிவிட்டது. மட்டமான டேப்பைப் போட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்ல டேப் ரோலைக் கண்ணில் காட்டிவிட்டு வேறொன்றை ஒட்டுவது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன்.

"பாய், இது என்ன டேப்பு?"

"ஏன், பொண்ணு குடுக்கப் போறியா? பேரு ஊரு கேக்குற."

"அஞ்சே நாள்ல வாயைப் பொளந்துடுச்சு. மத்த மூணு கதவும் பழைய ஒட்டு, அப்படியே நிக்குது."

"அப்போ எம்மேல டவுட்டு."

"டவுட்டெல்லாம் இல்ல பாய்."

"இல்லாங்காட்டி ஏன் அந்த ரோல திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீற?"

இரண்டாவது முறை என் கண்முன் புது ரோலைப் பிரித்து ஒட்டினார். அவர் விரலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. நான்கு நாள் நின்றது.

அதற்குள் வேறு சில விஷயங்கள் என் கண்ணில் பட்டிருந்தன. எங்கள் பக்கம் வாசலில் நிறுத்தும் வண்டிமேல் ஒரு ராத்திரிக்குள் நிலக்கரித் தூசி படிந்துவிடும். காலையில் நான் கிளம்பும்போது வண்டி முழுக்கச் சாம்பல் பூத்திருக்க, அந்த ஒரு கதவில் மட்டும் பட்டையை ஒட்டிய இடம் துடைத்தது போலிருக்கும். விரல் தடம் தெரியும். ஒரு நாள் ஒரு பூனை கதவில் முன்காலை ஊன்றி நின்று பட்டையை நக்கிக்கொண்டிருந்தது. இந்தக் குப்பத்துப் பூனைகள் எதைத்தான் நக்காது என்று விரட்டிவிட்டேன்.

மூன்றாவது முறை பாயிடம் போனது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை காலை. அவர் பிளந்த முனைக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்துக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னா நைனா, வண்டிக்கு எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டுறியா?"

"எண்ணெயா?"

"மீன் எண்ணெ. மோந்து பாரு. டேப்பு ஊறிக் கொயகொயன்னு கீது. இது தானா பூந்தது இல்ல. எவனோ ஊத்தி வுட்டுகீறான்." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "நீயே ஊத்திகினு வந்து என் கடைய பேஜாரு பண்ணலியே?"

"என் வண்டிக்கு நானே ஏன் பாய் ஊத்தப்போறேன்?"

"இன்னாத்த சொல்றது. காலம் அப்பிடி கீது."

அன்றைக்கு ஒட்ட மாட்டேன் என்றுவிட்டார். எண்ணெய் ஊற்றுகிறவனைப் பிடிக்காமல் ஒட்டுவது வீண் என்றார். ஒரு முழம் டேப்பை வெட்டிக் கையில் கொடுத்து, பட்டையையும் கதவையும் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகுதான் இதைத் தொட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. திங்கட்கிழமை என் வண்டி விழுந்தால் லாபம் ஒருவனுக்குத்தான். அவன் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள், மீன் எண்ணெய் அவன் வீட்டில் இல்லாமல் போகாது. இரண்டு தடவை என் வண்டியருகே நின்று அவன் பேசிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. என்னத்தைப் பேசினான் என்பது நினைவில்லை. நின்றது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

விம்கோ நகரில் அவன் வழக்கமாக நிற்கும் டீக்கடைக்கு நேராகப் போனேன். கையில் டீயோடு இருந்தான்.

"என் வண்டிகிட்ட உனக்கு என்ன வேலை?"

"எந்த வண்டியாண்ட?"

"தெரியாத மாதிரி பேசாத. பீடிங்ல எண்ணெய் ஊத்தினது யாரு?"

அவன் டீயை ஊதி ஒரு வாய் குடித்தான். "உன் பீடிங்க பேத்து எட்துகினு போயி நான் இன்னா மாமு பண்ணப்போறேன், பல்லு குத்தவா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "திங்கக்கிழமை யாரு வண்டி நிக்கணும்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

"என்து அதுபாட்டுக்கு நிக்கும். உன்து நிக்கறதுக்கே கவுறு போட்டுக் கட்டணும்."

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விரல்களை முகர்ந்தேன். மீன் வாடை அடித்தது. "இது என்ன?" என்றேன்.

அவன் கையை உருவிக்கொண்டான். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் இருந்தது. "காலைல எங்கப்பாவுக்கு வலை தூக்கிக் குட்த்துட்டு வரேன். நீ குந்திகினு கீற ஊரே மீன் வாடதான் மாமு. போ, ஊரையே உள்ள தூக்கிப் போடு."

அறைக்கு வந்ததும் போனில் பட்டையைப் படம் பிடித்து அதிகாரிக்கு அனுப்பினேன். கீழே, அவன் என் வண்டியில் எண்ணெய் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன். பார்க்கவில்லை. சந்தேகப்படுகிறேன் என்று எழுதினால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று தோன்றியது. சாயங்காலம் பதில் வந்தது. அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீ மட்டும் வண்டியைச் சரிசெய்து கொண்டுவா.

அதோடு நிம்மதியாகப் படுத்திருக்கலாம். ஆனால் பார்த்தேன் என்று எழுதியதை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அரிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் கிடையாது. கிழக்கு வெளுக்கும்போதே எழுந்து மொட்டைமாடிச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் நேர் கீழே என் கார். தெருவில் இரண்டு பேர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கம் போனார்கள். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு கீழ்க்கதவு திறந்தது. அக்கா ஒரு தகர டப்பாவும் துணியுமாக வெளியே வந்தார். இடது பின்கதவருகே குந்தி, தூசியை முந்தானையால் துடைத்தார். துணியை டப்பாவில் தோய்த்துப் பட்டை முழுக்கத் தேய்த்தார். அதன் பிறகு பிளந்திருந்த முனையை நகத்தால் இன்னும் கொஞ்சம் தூக்கி, டப்பாவைச் சாய்த்து உள்ளே ஊற்றினார்.

படியிறங்கி வருவதற்குள் என் மனம் எங்கெல்லாமோ போய்விட்டது. என்னை அறையிலிருந்து கிளப்பப் பார்க்கிறாரா, அந்த எர்ணாவூர்க்காரன் இவருக்கு ஏதாவது உறவா என்றுகூட ஓடியது.

"என்ன அக்கா பண்றீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. "வெளுத்துப் பூட்ச்சிபா. பாரு, சாம்பலாட்டம் கீது. நாளிக்கு வண்டி பாக்குறாங்கோன்னு பொண்ணு சொல்லிச்சு. சுறா எண்ணெ. வெச்சா கறுப்பு திரும்பிடும்."

"எத்தனை நாளா இது?"

"ஒரு மாசமா கீதும். ஒரு நாள் வுட்டு ஒரு நாள். இந்தக் கதவுதான் கடல் பக்கமா நிக்குது. பொண்ணு ஏறுற கதவு வேற."

"சரி, இடுக்குல ஏன் ஊத்துறீங்க?"

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். "இடுக்குலதான ஊத்துவாங்கோ. மேல தடவுனா வெயில்ல பூடும். உப்பு பூந்து பொளக்கறது இடுக்குல. எங்க வூட்டுக்காரரு பலகப் படகுக்கு நான்தான் ஊத்துவேன். எல்லாரும் ஃபைபர் படகுக்குப் போற வரிக்கும் ஒரு பலக விட்டு வரல."

"அது ஆணி அடிச்ச பலகை அக்கா. இது பசை போட்டு ஒட்டினது. எண்ணெய் பட்டா பசை விட்டுடும்."

கையிலிருந்த துணியை டப்பாமேல் வைத்தார். "பசயா?" என்றார். பட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். "இம்மாம் பெரிய வண்டிய பசயில ஒட்டியா ரோட்ல வுடுறாங்கோ?"

கார் செய்த கம்பெனிமேல் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ வண்டிய எவன் தொட்டாலும் மொறைக்கிறவன். பொண்ணு கதவ வேகமா சாத்துனாவே திரும்பிப் பாப்ப. அதான் நீ எய்ந்திரிக்கறதுக்கு முன்னாடி வெச்சிட்டுப் போய்க்கினு இருந்தேன்."

பாய் சொன்னபடி பட்டையை முழுசாகக் கழற்றிக் கழுவ வேண்டும் என்றேன். பாதி பிரிந்திருந்ததே தவிர, முன்பாதி கதவில் கெட்டியாக நின்றது. திருப்புளி வைத்து நெம்பினால் பெயிண்ட் போகும். நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா உள்ளே போய்த் தங்கூஸ் எடுத்து வந்தார், தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. அதைப் பட்டைக்கும் கதவுக்கும் நடுவில் நுழைத்து, நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாகப் பிடித்து ரம்பம் போல மாற்றி மாற்றி இழுத்தோம். பசை கறுப்பு நூலாகத் திரிந்து விழுந்தது. கதவில் ஒரு கீறல் விழவில்லை.

இழுத்துக்கொண்டே கேட்டார். "நீ யார்னு நெனச்சிகினு இருந்த?"

சொன்னேன். அதிகாரிக்கு எழுதி அனுப்பியதையும் சொன்னேன். அவர் கை ஒரு நிமிடம் நின்றது.

"அந்தப் புள்ளைய வரவேணான்ட்டாங்களா?"

"ஆமா."

மறுபடி இழுக்கத் தொடங்கினார். பட்டை மொத்தமாகக் கையோடு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "திங்கக்கெயம முடியட்டும். அப்பால சொல்லிக்கலாம்."

மகளைப் பழகின வண்டியில் அனுப்ப நினைக்கிறார் என்று புரிந்தது. தப்பென்று சொல்ல நான் யார். எனக்கும் அதே யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வாயிலிருந்து வந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. சோப்புத் தூளும் வெந்நீரும் வைத்து நான்கு தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்தேன். மத்தியானம்வரை வெயிலில் போட்டு, பாய் கொடுத்த டேப்பில் ஒட்டி, சாயங்காலம்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தேன். அக்கா வாசலைத் தாண்டி வரவில்லை.

திங்கட்கிழமை யார்டுக்குப் போகும் வழியில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. வண்டி நகரவில்லை. யோசிக்கக் கூடாததை யோசிக்க நேரம் கிடைத்தது. நெல்லூர் ஓட்டலில் ஒரு பித்தளை அண்டா காணாமல் போனபோது, நான் அதைத் தூக்கிப்போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். நான் எடுக்கவில்லை, அதனால் அவன் பார்த்திருக்க முடியாது. அன்று ராத்திரி பஸ் நிலையத்தில் படுத்தேன். அவனும் என்னைப் போலவே, பார்க்காததைத் தன்னளவில் நிச்சயமாகத் தெரிந்துவைத்திருந்தவனாக இருக்கலாம். இது எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். டயரை அழுத்தினார், சீட் பெல்ட்டை இழுத்தார். பட்டையின் முனையில் நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தார். வரவில்லை. "நல்லா நிக்குதே" என்று தாளில் பேனாவை வைத்தார்.

"சார், அவன் எண்ணெய் ஊத்தல" என்றேன்.

பேனா நின்றது. நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நீ கண்ணால பாக்கல."

"இல்ல சார்."

"பாத்தேன்னு எழுதியிருக்க."

"ஆமா சார்."

"இப்ப சொல்றதுதான் நெசம்னு நான் எப்படி நம்புறது? அவன் ஆள் வச்சு மிரட்டினானா?"

"அதெல்லாம் இல்ல சார்."

நம்பவில்லை. போன் போட்டு அவனை வரச் சொன்னார். அரைமணி நேரத்தில் வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அதிகாரி நான் சொன்னதை அவனிடம் சொன்னார். அவன் நேராக என்னிடம் வந்தான்.

"இதுல இன்னா மாமு வெச்சிகீற?"

"ஒண்ணும் இல்ல. தப்பா எழுதிட்டேன். வீட்டுக்கார அக்காதான் எண்ணெய் வச்சிருக்காங்க."

"அக்கா எண்ணெ வெச்சாங்க. காருக்கு." தலையை மெதுவாக ஆட்டினான். "நல்லா கீதுபா கத. சொம்மா குந்திகினு இருந்தவன இஸ்துகினு வந்து வுட்டுகீற. அடுத்து இன்னாத்துல மாட்டி வுடப்போற, அத்தச் சொல்லு மொதல்ல."

நான் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கட்டின கதை மாதிரிதான் கேட்டது.

அதிகாரி அவன் வண்டியையும் சுற்றிப் பார்த்தார். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. யார்டுக்குள் வண்டி வந்துபோவதற்கான பாஸை அவனுக்கு எழுதினார். என்னிடம், "உன் வண்டியில ஒரு குறையும் இல்லப்பா. ஆனா ஒரு நாள் வேலை முடிய நேரமாகி ராத்திரி பதினோரு மணிக்கு, பொண்ணுங்களை விட்டுட்டேன்னு நீ ஒரு மெசேஜ் போட்டா, நான் அதை எப்படிப் படிக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி என்று பட்டது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். "வூட்ட காலி பண்ணிட்டு ஓடப் பாக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறால் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது கிடைக்கிற வாடகைக்கு ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, ராயபுரத்தில் கல்யாணம் என்றால் அதற்கு. எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. பட்டை நிற்கிறது.

அக்காவின் மகளை அழைத்துப்போகக் காலையில் அவன் வண்டிதான் வருகிறது. முதல் நாள் அவன் வந்தபோது நான் வாசல் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளிருந்து வர நேரமாயிற்று. நான் வாய் கொப்பளிக்க ஓர் அடி எடுத்து வைத்ததும் இறங்கினான். நான்கு கதவின் பீடிங்கையும் முனையிலிருந்து முனைவரை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே காரை ஒரு சுற்றுச் சுற்றினான். விரலை முகர்ந்தும் பார்த்தான். இன்றைக்கும் காலையில் அப்படித்தான் செய்தான். நானும் அவன் வண்டி தெருமுனை திரும்பும்வரை, இரண்டு கையும் அவனுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறேன்.